மிஞ்சுவதில் ஒரு பங்கு

அன்பு மகளுக்கு,

உயிலில் மனித உரிமை அமைப்பு ஒன்றுக்கும் எழுதிவைக்கப் போவதாகச் சொன்னாய். வக்கீலைப் பார்ப்பதற்கு முன் இதைப் படித்துவிடு.

குறித்த தொகையாக எழுதாதே. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினாலே 12 ஆண்டில் அதன் மதிப்பு பாதியாகிவிடும். நேர்மாறான சிக்கலும் உண்டு: மருத்துவச் செலவில் சொத்து கரைந்துபோயிருந்தால், அந்தத் தொகையைக் கொடுத்த பிறகு பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. கடன், வரி, இறுதிச் செலவு எல்லாம் போக மிஞ்சுவதில் 10 சதவீதம் என்று எழுது. சொத்து கூடினாலும் குறைந்தாலும் அவரவர் பங்கின் விகிதம் மாறாது.

குழப்பம் பெரும்பாலும் பெயரில்தான் வரும். "ஆம்னஸ்டிக்கு" என்று மொட்டையாக எழுதினால், எந்த ஆம்னஸ்டி? 1961இல் லண்டனில் தொடங்கிய அந்த மனித உரிமை இயக்கத்துக்குப் பல நாடுகளில் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. பதிவுப் பெயர், பதிவு எண், முகவரி மூன்றையும் அமைப்பிடமே கேட்டு வாங்கு. உயிலுக்கான வாசகத்தையே பலர் தயாராக வைத்திருப்பார்கள். வெளிநாட்டு அமைப்பு என்றால் வரிவிலக்கு உண்டா, பணம் போய்ச் சேருமா என்பதையும் விசாரி.

நோக்கத்தை இறுக்கிக் கட்டாதே. "இன்ன கைதியின் விடுதலைக்கு" என்று எழுதி, அவர் அதற்குள் வெளியே வந்துவிட்டால் பணம் கோர்ட்டில் போய் நிற்கும். "அமைப்பின் பொதுப் பணிகளுக்கு" என்பதே போதும். நள்ளிரவில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால் விடிவதற்குள் வக்கீல் அங்கே இருக்க வேண்டும். மிரட்டப்பட்ட சாட்சியை அன்றே இடம் மாற்ற வேண்டும். எந்தத் திட்டத்துக்கும் ஒதுக்காத பணம்தான் அப்போது கைகொடுக்கும். உனக்கென்று ஆசை இருந்தால், கட்டாயமில்லை என்று சொல்லித் தனிக் கடிதமாக வை.

அமைப்பே இல்லாமல் போனால்? இந்தத் துறையில் இது வெறும் பேச்சுக்கான கேள்வி இல்லை. ரஷ்யாவின் மெமோரியல் என்ற மனித உரிமை அமைப்பைக் கலைக்க 2021 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. அதனால் இரண்டாவதாக ஓர் அமைப்பின் பெயரையும் எழுது; அதுவும் இல்லையென்றால் இதே பணி செய்யும் வேறொன்றை உயிலை நிறைவேற்றுபவரே தேர்ந்தெடுக்கலாம் என்று ஒரு வரி சேர்.

பயன்பெறும் யாரும் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது, அமைப்பின் ஊழியர் உட்பட. காப்பீடு, ஓய்வூதியம் இவற்றுக்கு நாமினியாக நீ வேறு ஒருவர் பெயரைக் கொடுத்திருந்தால், பல இடங்களில் உயில் அவற்றைத் தொடாது. அந்தப் படிவங்களைத் தனியாக மாற்ற வேண்டும்.

தம்பியிடம் இப்போதே சொல்லிவிடு. உயிலைப் பிரித்த பிறகு தெரியவந்தால், அக்காவை யாரோ மயக்கி எழுதி வாங்கிவிட்டார்கள் என்றுதான் வழக்குப் போடத் தோன்றும்.

அன்புடன்,
அப்பா