ஸ்கொயர் லெக்கில் நின்ற பெரியவர்

மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு, பதில் போடத் தாமதம், திட்டாதே. கோத்தகிரியில் மழையும் நின்றபாடில்லை, பச்சைத் தேயிலை விலையும் ஏறினபாடில்லை.

போன ஞாயிறு கிரிக்கெட் மேட்சுக்கு நான்தான் அம்பயர், முட்டி போனபிறகு நமக்கு வேறென்ன வேலை. பாதி ஆட்டத்தில் பள்ளத்திலிருந்து மேகம் ஏறிவிட்டது. அப்போது பந்து மட்டையின் விளிம்பில் பட்டு, கீப்பருக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் நின்றவனிடம் தாழ்வாகப் போனது, பந்து போட்டவன் குறுக்கே வந்து மறைத்துவிட்டான், எல்லோரும் குதித்ததைப் பார்த்து விரலைத் தூக்கிவிட்டேன். மட்டைக்காரனுக்குப் பக்கவாட்டில், ஸ்கொயர் லெக்கில் இன்னொரு அம்பயராக நின்ற பெரியவர் இல்லையென்று தலையை ஆட்டுகிறார். பார்த்தேன். பார்க்காத மாதிரி நின்றுவிட்டேன். போய்க் கேட்டால் இவனுக்குக் கண் போச்சு என்பார்களே என்ற வறட்டு கௌரவம்தான், வேறென்ன. பையன் பேசாமல் போய்விட்டான்.

ராத்திரி தூக்கம் வராமல் விதிகளைப் புரட்டினேன். 31.6 என்ன சொல்கிறது தெரியுமா? மற்ற அம்பயருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும் என்று தோன்றினால் அவரைக் கேட்டே ஆகவேண்டும், கேட்டும் சந்தேகம் தீராவிட்டால் நாட் அவுட். கேட்பது ஏதோ பெருந்தன்மை என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்! கொடுத்த முடிவை மாற்றவும் 2.12 இடம் தருகிறது, ஆனால் உடனே மாற்ற வேண்டும். அதற்காக, பந்து காலில் பட்டு வரும் எல்பிடபிள்யூவுக்கு ஸ்கொயர் லெக்கைக் கேட்டுப் பயனில்லை, பந்து வந்த லைன் பக்கவாட்டில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? ஆட்டக்காரர்கள் கத்துகிறார்கள் என்று மாற்றினாலோ, அப்புறம் ஒவ்வொரு பந்துக்கும் கத்துவார்கள்.

கேட்டாலும் தப்பு நடக்கும், அது வேறு. 2019 உலகக் கோப்பை இறுதியில் தர்மசேனா சக அம்பயரிடம் பேசிவிட்டுத்தான், ஃபீல்டர் எறிந்த பந்து தப்பிப்போன ஓவர்த்ரோவுக்கு ஆறு ரன் கொடுத்தார், கணக்குப்படி ஐந்துதான், பிறகு அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் அவர் கேட்டார் இல்லையா, நான் கேட்கவே இல்லையே.

1980-இல் பம்பாய் டெஸ்டில் அவுட் கொடுக்கப்பட்ட இங்கிலாந்தின் பாப் டெய்லரை நம் கேப்டன் விஸ்வநாத்தே திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் 171 ரன் சேர்த்தார்கள், நாம் பத்து விக்கெட்டில் தோற்றோம். இங்கே ஞாயிற்றுக்கிழமை மேட்சில் விஸ்வநாத்துக்கு எங்கே போவது?

பெரியவரை மறுநாள் டீக்கடையில் பார்த்தேன். "பந்து தரையில் பட்டுத்தான் போச்சு தம்பி" என்றார், அவ்வளவுதான். டீக்கு அவரே காசு கொடுத்தார், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சரி, காலேஜ் மேட்சில் உனக்கு நான் கொடுத்த எல்பியை இந்தக் கடிதத்திலும் கிளறியிருக்கிறாய். முப்பது வருஷம் ஆகிவிட்டது மாப்ளே, 'உடனே' என்ற கணக்கில் வராது. தவிர, அது அவுட்தான்.