கூரை திறந்த அரங்கமும் அதற்கு முன் அங்கிருந்த தெருக்களும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. கயல் ஆய்வுக் கட்டுரை வாசிக்க பிட்ஸ்பர்க் வருவதில் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஹோட்டல் எதுவும் பார்க்க வேண்டாம், நம் வீட்டிலேயே தங்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்கும் அழைத்துப் போகிறோம்.

கயல் கட்டுரை வாசிக்கப்போகும் மாநாட்டு மையம் எப்படிப்பட்ட இடம் என்று கேட்டிருந்தாய். அலெகெனி ஆற்றங்கரையில் இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 2003-இல் திறந்தது. உருகுவேயில் பிறந்த ரஃபேல் வின்யோலி வடிவமைத்தது. பக்கத்தில் ஆற்றின்மேல் ஒரே அச்சில் வார்த்த மாதிரி மூன்று தொங்கு பாலங்கள் உண்டு. அந்த வளைவையே கூரைக்கும் எடுத்துக்கொண்டார். கூரை இரும்பு வடங்களில் தொங்குகிறது. ஆற்றுக்காற்று உள்ளே நுழைந்து, சூடான காற்று தானாக வெளியேறும்படி அமைத்திருக்கிறார்கள். கட்டடத்துக்கு அடியில் ஒரு நடைபாதை. கூடவே தண்ணீர் ஓடிவர, ஆற்றங்கரை வரை போகலாம். 2009-இல் ஜி-20 மாநாடு இங்கேதான் நடந்தது, மன்மோகன் சிங் வந்திருந்தார்.

ஆனால் அதன் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு இடம்தான் நினைவுக்கு வரும். 'டேவிட் எல். லாரன்ஸ் மாநாட்டு மையம்.' இதே பெயரில் 1981-இல் திறந்த பழைய கட்டடத்தை எடுத்துவிட்டுத்தான் இதைக் கட்டினார்கள். லாரன்ஸ் 1946 முதல் 1959 வரை இந்த ஊர் மேயர். அதற்கு முன்பெல்லாம் எஃகு ஆலைப் புகையில் நண்பகலிலேயே தெருவிளக்கு எரிய வேண்டியிருந்ததாம். புகைக் கட்டுப்பாட்டைக் கறாராக நடைமுறைப்படுத்தி ஊரை மூச்சுவிட வைத்தவர் அவர். அதற்கு நான் நன்றியுள்ளவன்.

அவர் காலத்தில்தான் லோயர் ஹில்லும் போனது. நகர மையத்தை ஒட்டிய மேட்டுப் பகுதி அது. பெரும்பாலும் கறுப்பின மக்கள். இத்தாலியர், யூதர், சிரியர்களும் இருந்தார்கள். வைலி அவென்யூ நெடுக ஜாஸ் விடுதிகள், முடிதிருத்தும் கடைகள், தேவாலயங்கள். 'பிட்ஸ்பர்க் கூரியர்' பத்திரிகைக்குப் படம் எடுத்த டீனி ஹாரிஸின் நெகட்டிவ்கள் ஏறக்குறைய 80,000 கார்னகி கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கயலுக்கு அவற்றைக் காட்ட வேண்டும். ஞாயிறு உடுப்பில் குடும்பங்கள், கடை வாசலில் நின்று பேசும் ஆட்கள், தெருவில் ஆடும் பிள்ளைகள். பிறகு அதே தெருக்களை இடிக்கும் படங்களையும் அவரே எடுத்திருக்கிறார். அவற்றை வேகமாகப் புரட்ட என்னால் முடிவதில்லை.

1956-இல் இடிக்க ஆரம்பித்தார்கள். 95 ஏக்கர். சுமார் 8,000 பேர் வீடிழந்தார்கள், 400-க்கும் மேற்பட்ட கடைகளும் தொழில்களும் போயின. பெத்தேல் என்ற பழைய கறுப்பினத் தேவாலயமும் தப்பவில்லை. அங்கே எழுந்ததுதான் சிவிக் அரீனா. டிபார்ட்மென்ட் ஸ்டோர் முதலாளி எட்கர் காஃப்மன், கோடையில் திறந்த வானத்தின்கீழ் இசை நாடகம் நடத்த ஒரு அரங்கம் வேண்டும் என்று 10 லட்சம் டாலர் தர முன்வந்தார். 1961-இல் திறந்தார்கள்.

கட்டடமாகப் பார்த்தால் அற்புதம், செல்வம். 415 அடி விட்டத்தில் துருப்பிடிக்காத எஃகுக் குவிமாடம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. எட்டு இதழ்களில் ஆறு, தண்டவாளத்தில் உருண்டுபோய் மற்ற இரண்டின் அடியில் செருகிக்கொள்ளும். வெளியிலிருந்து நீளும் ராட்சத இரும்புக் கை ஒன்று எல்லாவற்றையும் உச்சியில் தாங்கிப் பிடித்திருக்கும். நாங்கள் வந்த புதிதில், ஒரு கோடை இரவில் அது திறந்ததைப் பார்த்தேன். தலைக்கு மேல் ஒரு கீற்றாகத் தெரிந்த வானம் விரிந்துகொண்டே போக, பாட்டை மறந்து கூட்டம் முழுக்க அண்ணாந்து பார்த்தது. இதில் வருத்தம் என்னவென்றால், எந்த இசை நாடகத்துக்காகக் கட்டினார்களோ, அதற்கு உள்ளே ஒலி சரிப்படவில்லை. நாடகக் குழுவினர் சில வருடங்களில் வேறு அரங்கத்துக்குப் போய்விட்டார்கள். 1967-இல் வந்த பெங்குவின்ஸ் ஐஸ் ஹாக்கி அணிதான் அதை நிரப்பியது. 2010-இல் எதிரிலேயே புது அரங்கம் வந்ததும் பழையதை மூடி, 2012-க்குள் பிரித்துப் போட்டுவிட்டார்கள். காப்பாற்றச் சொல்லிப் போராடியவர்களோடு எனக்கும் மனம் இருந்தது.

ஆனால் அரங்கத்துக்காக ஊரே அழுததைப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. வீடுகளுக்காக இப்படி யார் அழுதார்கள்? காலி செய்த நிலத்தில் பெரும்பகுதி அரை நூற்றாண்டுக்கு மேல் கார் நிறுத்தும் இடமாகக் கிடந்தது. அதற்காகவா அத்தனை குடும்பங்களை வெளியேற்றினார்கள்? 1960-களில் மிச்சமிருந்த ஹில் மக்கள் கிராஃபோர்ட் தெரு முனையில், 'இதற்கு மேல் இடிக்க விடமாட்டோம்' என்று பெரிய பலகை வைத்து நின்றார்கள். அதற்கப்பால் இருந்தது தப்பியது. அந்த முனைக்கு இன்று 'ஃப்ரீடம் கார்னர்' என்று பெயர். மாநாட்டு மையத்திலிருந்து நடந்தே போகலாம். கயலை அங்கே நானே கூட்டிப் போகிறேன்.

போன சில வருடங்களில் கொஞ்சம் அசைவு தெரிகிறது. மேட்டையும் நகரத்தையும் பிரித்த நெடுஞ்சாலைக்கு மேல் தளம் போட்டு, 2021-இல் ஒரு பூங்கா திறந்தார்கள். ஹில்லுக்காகப் போராடிய ஃப்ராங்கி பேஸ் என்ற பெண்மணியின் பெயர் அதற்கு. 2023-இல் பெத்தேல் தேவாலயத்துக்கு ஒன்றரை ஏக்கர் திருப்பித் தர பெங்குவின்ஸ் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. போனதற்கு இது ஈடாகாது. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்த அன்று மனசு நிறைந்துதான் இருந்தது.

கயலின் விமான விவரத்தை அனுப்பு. அவளிடம் கனமான கோட்டு இருக்கிறதா என்று கேள், இல்லையென்றால் வாங்க வேண்டாம், இங்கே இருக்கிறது. தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்