பந்தை விழுங்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு

எங்கள் ரோபோவுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் நாகர்கோவில் மாணவர் அணியின் வணக்கம்.

பள்ளி மாணவர்கள் ரோபோ செய்து மோதும் எஃப்.டி.சி. (ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்) போட்டிக்கு 2025-26இல் 'டீகோட்' என்று பெயர். 5 அங்குல ஊதா, பச்சைப் பந்துகளைத் தரையிலிருந்து எடுத்து இலக்கில் போட வேண்டும். ஒரு நேரத்தில் மூன்றுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எப்படி எடுப்பது என்பதில்தான் இரண்டு வாரம் சண்டை. நான் இடுக்கிக் கட்சி. நண்டுக் கொடுக்குபோல் ஒவ்வொன்றாகக் கவ்வலாம் என்று தொண்டை வற்ற வாதாடினேன். இடுக்கியென்றால் பந்துக்கு நேரே வந்து நிற்க வேண்டும். ஓட்டுபவருக்குக் கிடைப்பதோ இரண்டே நிமிடம். முறம்போல் அள்ளிப் பார்த்தோம். பந்து முன்னால் உருண்டு ஓடியது.

முதல் நன்றி குலசேகரத்து மாமாவுக்கு. எங்கள் சண்டையைக் கேட்டு அலுத்துப்போய், ரப்பர் ஷீட் அடிக்கும் இரட்டை உருளையருகே கூட்டிக்கொண்டு போனார். தட்டில் உறைந்த ரப்பர் பால் தளதளவென்று இருந்தது. அதன் விளிம்பு உருளையில் பட்டதுதான் தாமதம், முழுக்கட்டியும் மறுபக்கம் போய்விட்டது. "தள்ள வேண்டாம் மக்களே, தொட்டால் போதும். இடைவெளியில்தான் காரியம் இருக்கிறது" என்று உருளைகளின் இடைவெளியை மாற்றும் திருகாணியை அரைச்சுற்று திருப்பிக் காட்டினார். அன்றோடு இடுக்கிக் கட்சி கலைந்தது.

உருளை கடைந்து தருவதாகச் சொல்லி மூன்று வாரம் இழுத்தடித்த பட்டறைக்கும் நன்றி. அந்தக் கோபத்தில்தான் பி.வி.சி. குழாயை எடுத்தோம். பந்து துளைகள் உள்ள கெட்டி பிளாஸ்டிக். அது நசுங்காது, உருளைதான் நெகிழ வேண்டும். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிக் குழாயில் சுற்றி ஒட்டினோம். வழுக்கியது. வடசேரி சைக்கிள் கடை அண்ணாச்சி அதை ஒரு விரலால் தடவி, வெள்ளைப் பொடியை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார். ட்யூபின் உட்புறம் ஒட்டிக்கொள்ளாமலிருக்கப் போடும் பொடி அது. நாங்கள் உட்புறத்தை வெளியே வைத்து ஒட்டியிருக்கிறோம்! புது ட்யூபுக்கும் சொல்யூஷனுக்கும் அவர் காசு வாங்கவில்லை.

உருளையின் விளிம்பு ஓடும் வேகத்தில் பாதிதான் அதற்கும் அடித்தகட்டுக்கும் நடுவே உருளும் பந்துக்குக் கிடைக்கும் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டிய இயற்பியல் ஆசிரியருக்கு நன்றி, பல்சக்கரத்தை மாற்றிவிட்டோம். கட்டிலுக்கடியில் உருண்ட பந்துகளை இரவெல்லாம் பொறுத்துக்கொண்ட அம்மாக்களுக்கும்.

மாமா, வரும் ஞாயிறு ரோபோவோடு வருகிறோம். ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் அந்தப் புகைப்புரைத் திண்ணையில் கொஞ்சம் இடம் ஒழித்து வையுங்கள்.