அம்மாவின் இடது கண்ணுக்காக ஒரு மடல்

எங்கள் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் க்ளெய்ம் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது என்பதால் முழுக் கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. அம்மாவுக்கு 71 வயது. வலது கண்ணில் ஈரவகை மாகுலா சிதைவு, அதாவது விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா கெட்டு நேர்ப்பார்வை போகும் நோய். நீங்கள் கேட்ட காகிதங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் விழித்திரையின் நடுவே தழும்பு விழுந்துவிட்டது. அந்தக் கண்ணைப் பற்றி இனிப் பேசி என்ன ஆகப்போகிறது? இந்த மடல் இடது கண்ணுக்காக.

இடது கண் ஊசிக்கான விண்ணப்பத்தை நிராகரித்து நீங்கள் அனுப்பிய பதிலில் இரண்டு காரணங்கள். நோயாளி 24 மணி நேரம் மருத்துவமனையில் தங்கவில்லை என்பது ஒன்று. 'இதே நோய்க்கு முன்பே க்ளெய்ம் பெறப்பட்டுள்ளது' என்பது இன்னொன்று. ஐயா, மனிதருக்குக் கண் இரண்டு. இந்தச் செய்தி உங்கள் கணினிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

முதல் காரணத்துக்கு வருகிறேன். கண்ணுக்குள் ஊசி போடச் சில நிமிடங்கள் போதும். மதியத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதற்காக ஒரு நாள் முழுக்கக் கட்டிலில் படுத்திருக்க வேண்டுமா? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பாலிசியிலிருந்து விலக்கக் கூடாத நவீன சிகிச்சைகள் என்று 12 சிகிச்சைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. கண்ணுக்குள் போடும் ஊசி அதில் இருக்கிறது. பகல்நேரச் சிகிச்சையாக எடுத்தாலும் பொருந்தும் என்றும் அதிலேயே இருக்கிறது. மருத்துவமனைக்கு நீங்களே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024-இல் வந்த சுற்றறிக்கை. எங்களுக்கு 19 நாள் ஆனது.

இந்த 19 நாள் ஏன் பெரிது என்று சொல்லிவிடுகிறேன். ஈரவகையில் விழித்திரைக்கு அடியில் புதிதாக ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. ஊசி அந்தக் கசிவை அடக்கும், விழுந்த தழும்பை அழிக்காது. அம்மாவின் இடது கண்ணில் விழித்திரைக்கு அடியில் சேரும் மஞ்சள் புள்ளிகளான டுரூசன் படிவுகள் பெரிதாகவும், நிறமி மாற்றமும் முன்பே இருந்தன. ஒரு கண் போய், மற்றதில் இந்த இரண்டும் இருந்தால், ஐந்து ஆண்டுகளுக்குள் அந்தக் கண்ணிலும் நோய் முற்ற ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பது அமெரிக்காவில் நடந்த ஏரெட்ஸ் (AREDS) என்ற கண்நோய் ஆய்வின் கணக்கு. மருத்துவர் வலது கண்ணைப் பார்த்த அன்றே இதைச் சொல்லி, கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். அதன் கோடுகள் நெளிந்து தெரிந்தால் உடனே வரச் சொன்னார்.

அந்தத் தாளை பீரோ கதவில் ஒட்டினோம். தினமும் காலையில் காபிக்கு முன்னால் அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டி, வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, நடுப்புள்ளியைப் பார்ப்பார். வலது கண் பழுதானது அவருக்கு மாதக்கணக்கில் தெரியவே இல்லை. நல்ல கண் அதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருநாள் குளிக்கும்போது இடது கண்ணில் சோப்பு பட்டு அதை மூடியபோதுதான், எதிரே இருந்த வாளி நடுவில் காணாமல் போனது. அதனால் இந்தத் தாளை ஒருநாளும் விட்டதில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை கோடுகள் நெளிந்திருக்கின்றன. அம்மா சனிக்கிழமைதான் சொன்னார். ஏன் அம்மா உடனே சொல்லவில்லை என்று கேட்டேன். "மறுபடி அந்த இன்சூரன்ஸ்காரங்க கிட்ட நீ அலையணுமேடா" என்றார். கண்ணை இழந்துகொண்டிருந்தவர், உங்களுக்குப் பயந்து இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார். இதை எந்தப் படிவத்தில், எந்தக் கட்டத்தில் எழுதுவது?

முதல் ஊசியை வளையலை அடகு வைத்துப் போட்டோம். அதுவும் விலை உயர்ந்த மருந்து அல்ல, பெவாசிசுமாப் என்ற மலிவான மருந்துதான். பார்வையைக் காப்பதில் அது ரானிபிசுமாப் என்ற விலை உயர்ந்த மருந்துக்குச் சளைத்ததல்ல என்று 2011-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டிவிட்டது. நாங்கள் ஆடம்பரம் எதுவும் கேட்கவில்லை. இடது கண்ணுக்கான ஊசிகளுக்கு அனுமதி கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் இப்படித்தான் நடந்தது. ஒரு கண் பார்வை போன பிறகுதான் மற்றதற்கு ஊசி என்று சில பகுதி நிர்வாகங்கள் சொல்லின. ஊரே கொதித்தது. 2008 ஆகஸ்டில் எந்தச் சிகிச்சையை அரசு மருத்துவத்தில் தரலாம் என்று சொல்லும் அவர்களுடைய நைஸ் (NICE) அமைப்பு, முதல் கண்ணுக்கே சிகிச்சை தரலாம் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. அங்கே இரண்டாவது கண்ணுக்காவது கிடைத்தது. நீங்கள் அவர்களையும் மிஞ்சிவிட்டீர்கள், இரண்டாவது கண்ணையும் 'முன்பே பெறப்பட்டது' என்கிறீர்கள். விளம்பரத்தில் மட்டும் தாத்தாவும் பாட்டியும் கடற்கரையில் கைகோத்து நடக்கிறார்கள். 11 ஆண்டுகளாக ஒரு பிரீமியம்கூடத் தவறியதில்லை. அதைக் கட்டச் சொல்லும் குறுஞ்செய்தி மட்டும் ஒருநாளும் தாமதமானதில்லை.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். கேட்பது ஒன்றுதான். அடுத்த ஊசி வரும் 14-ஆம் தேதி, அதற்கடுத்தது நான்கு வாரம் கழித்து. இடது கண்ணைத் தனிக் கண்ணாகக் கருதி, 14-ஆம் தேதிக்கு முன்பே அனுமதி தாருங்கள். பிறகு எத்தனை காகிதம் கேட்டாலும் கொண்டுவருகிறேன்.

பதிலைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சிட்டு அனுப்பினால் நல்லது. வீட்டுக்கு வரும் கடிதங்களை அம்மா இன்னும் தானே பிரித்துப் படிக்கிறார்.

இப்படிக்கு,
பாலிசிதாரரின் மகன்