குத்துச்சண்டை வாத்தியார்களுக்கும் பெற்றோர்களுக்கும்: சுவரில் இருக்கும் அலியின் மீதிக் கதை

டெல்லி ஆர்.கே. புரம், முனீர்கா பக்கம் நம் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை பழக்கும் வாத்தியார்களுக்கும், அவர்களை நம்பிப் பிள்ளைகளை அனுப்பும் அப்பா அம்மாக்களுக்கும்,

வணக்கம்.

என்னை உங்களில் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். மலை மந்திர் பக்கத்தில் குடியிருப்பவன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, டெல்லியிலேயே ஓய்வு பெற்றேன். பிறந்து வளர்ந்தது ராயபுரத்தில். அங்கே குத்துச்சண்டை கற்றுக்கொடுப்பவரை யாரும் கோச் என்று கூப்பிட மாட்டார்கள், வாத்தியார்தான். அதனால் உங்களையும் அப்படியே அழைக்கிறேன். உங்களில் சிலர் ஹரியானாக்காரர்கள், தமிழ் தெரியாது. அவர்களிடம் இதை இந்தியில் படித்துச் சொல்லும் பொறுப்பைப் பெற்றோர்களிடம் விடுகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தக் கூடம், எந்த வாத்தியார் என்று எழுதப்போவதில்லை. ஒருவரைக் குற்றவாளியாக்கி விட்டால் மற்றவர்கள் இது தங்களுக்கில்லை என்று இருந்துவிடுவார்கள்.

என் பேரனுக்கு 14 வயது. அன்று அவனை 17 வயதுப் பையனோடு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, இறக்கினார்கள். எடையிலும் பத்து கிலோவாவது வித்தியாசம் இருக்கும். இரண்டாவது ரவுண்டில் இடது ஹூக் ஒன்று, கையை வளைத்துப் பக்கவாட்டில் விடும் குத்து, பொட்டில் விழுந்தது. பேரன் கீழே விழவில்லை, நின்றுகொண்டேதான் இருந்தான். மணி அடித்ததும் ஓரத்துக்கு வந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தான். மூடியைத் திறக்காமலேயே வாயில் வைத்து அண்ணாந்தான். தண்ணீர் வரவில்லை. மறுபடி அண்ணாந்தான். மூன்றாவது தடவையும் மூடி திறக்காமல்தான். பக்கத்திலிருந்த பையன்கள் சிரித்தார்கள். வாத்தியார் அவன் தோளைத் தட்டி, "குச் நஹி ஹுவா, ஏக் ராவுண்ட் அவுர்" என்றார், அதாவது ஒன்றும் ஆகவில்லை, இன்னும் ஒரு ரவுண்டு. நான் பெஞ்சிலிருந்து எழுந்து போய்ச் சேருவதற்குள் அந்த ரவுண்டும் தொடங்கிவிட்டது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது "தாத்தா, நாளைக்கு ஸ்கூல் உண்டா?" என்று கேட்டான். நாளை ஞாயிறு என்றேன். சரி என்றான். ஐந்து நிமிடம் கழித்து அதே கேள்வி. கை கழுவி வந்து மறுபடியும் அதே கேள்வி. என் மருமகள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். மூளை அதிர்ச்சி என்றார் டாக்டர். ஓய்வு, பாடம் வேண்டாம், போன் வேண்டாம், ஓட்டம் வேண்டாம். இப்போது நன்றாக இருக்கிறான், கடவுள் புண்ணியம்.

அந்தக் கூடத்தின் சுவரில் முகம்மது அலியின் படம் ஒட்டியிருக்கிறது. கீழே ஒருவர் மல்லாந்து கிடக்க, அலி கையை மடக்கி நின்று கத்துகிற படம். கிடப்பவர் யார் என்று பையன்களைக் கேட்டேன். ஒருவனுக்கும் தெரியவில்லை. அவர் சானி லிஸ்டன். 1965 மே மாதம், முதல் ரவுண்டிலேயே விழுந்துவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு அதே லிஸ்டனை ஆறு ரவுண்டு திணறடித்து, ஏழாவதுக்கு அவர் எழுந்து வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட, 22 வயதில் ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஆனவர் அலி. 12 வயதில் சைக்கிள் திருட்டுப்போக, புகார் சொல்லப் போன இடத்தில் குத்துச்சண்டை பழக்கும் போலீஸ்காரரைச் சந்தித்த கதை, 1960 ரோம் ஒலிம்பிக் தங்கம், வியட்நாம் போருக்குப் போக மறுத்துப் பட்டத்தையும் மூன்றரை வருட வாழ்க்கையையும் இழந்தது, 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை எட்டாவது ரவுண்டில் சாய்த்துப் பட்டத்தைத் திரும்பப் பெற்றது, இவையெல்லாம் பையன்களுக்கு அரைகுறையாகவாவது தெரிகிறது. யூடியூப் இருக்கிறதே. அந்த அலியை நானும் கொண்டாடுகிறேன். ஒரு மனிதன் தன் உச்ச வயதைத் தன் மனசாட்சிக்குக் கொடுத்தான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மீதிக் கதையை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

1980 தொடக்கத்தில் அலி இந்தியா வந்தார். நான் டெல்லியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். இங்கே நம் ராணுவத்துக் கௌர் சிங்கோடு நான்கு ரவுண்டு காட்சிப் போட்டி ஆடினார். சென்னையில் எம்.ஜி.ஆர். முன்னிலையில் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜிம்மி எல்லிஸோடு ஆடினார். ராயபுரத்திலிருந்து என் சிநேகிதர்கள் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினார்கள். டெல்லியில் இருந்தும் எனக்கு நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. பேப்பரில் வந்த படத்தை வெட்டி டிரங்குப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைத்தேன்.

அப்போது அலி, ஓய்வு பெறுவதாக அறிவித்துவிட்டவர். 38 வயது. மூன்று முறை உலகப் பட்டம் வென்றாயிற்று. சாதிக்க ஒன்றும் பாக்கியில்லை. டெல்லியில் கிளவ்ஸைக் கழற்றி வைத்தவர் அப்படியே வைத்திருக்கக் கூடாதா என்று இன்றும் நினைக்கிறேன். அதே ஆண்டு அக்டோபரில் லாஸ் வேகாஸில் அப்போதைய உலக சாம்பியன் லாரி ஹோம்ஸோடு மோத மறுபடி ரிங்கில் ஏறினார்.

போட்டிக்கு முன்னால் அமெரிக்காவின் பெரிய மருத்துவமனையான மேயோ கிளினிக்கில் பரிசோதித்தார்கள். மூக்கைத் தொடச் சொன்னபோது விரல் லேசாகத் தவறியது. ஒற்றைக் காலில் தத்தச் சொன்னபோது தடுமாற்றம் இருந்தது. இவ்வளவும் தெரிந்தும் உரிமம் கொடுத்தார்கள். எதிரே நின்ற ஹோம்ஸ் வேறு யாருமல்ல, பல வருடம் அலியிடமே ஸ்பாரிங் ஆளாக இருந்தவர். பத்து ரவுண்டு நடந்தது. ஒரு ரவுண்டைக்கூட நடுவர்கள் அலிக்குக் கொடுக்கவில்லை. பத்தாவது முடிந்ததும் அவருடைய வாத்தியார் ஏஞ்சலோ டண்டி போதும் என்றார். ரிங் மூலையில் அலிக்கு உதவியாக இருந்த இன்னொருவர், இன்னும் ஒரே ஒரு ரவுண்டு என்று கெஞ்சினார். எனக்கு அந்தக் குரல் நம் கூடத்தில் கேட்ட குரலாகவே கேட்கிறது. டண்டி கேட்கவில்லை, நிறுத்தினார். ஜெயித்த ஹோம்ஸ் அழுதார். அதற்கப்புறமும் 1981 டிசம்பரில், நாற்பதை எட்ட ஒரு மாதம் இருக்கும்போது, பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக்கோடு ஆடித் தோற்றார் அலி. அதுதான் கடைசி. 61 போட்டி, 56 வெற்றி, 5 தோல்வி. 1984இல், கை நடுங்கி உடம்பு இறுகும் பார்க்கின்சன் நோய் என்று கண்டுபிடித்தார்கள். 42 வயது.

அந்த நோய் அடியால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. டாக்டர்களே அதில் ஒரே கருத்தில் இல்லை. ஆனால் தலையில் திரும்பத் திரும்ப விழும் அடி மூளையைக் கெடுக்கும் என்பது 1928இலேயே மருத்துவ இதழில் வந்துவிட்ட விஷயம். எழுதியவர் ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற டாக்டர். அப்புறம், அலி வாங்கிய அடியெல்லாம் போட்டியில் வாங்கியது மட்டுமில்லை. பயிற்சி முகாமில் கயிற்றில் சாய்ந்துகொண்டு, உடம்பு மரத்துப்போகட்டும் என்று ஸ்பாரிங் ஆட்களை வேண்டுமென்றே அடிக்கவிடுவார். அந்த அடிகளை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதிவைக்கவில்லை. நம் பையன்கள் வாரத்தில் மூன்று நாள் வாங்கும் அடியும் அந்த மாதிரிதான். எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

சொன்னவர் இல்லாமலும் இல்லை. ஃபெர்டி பச்சேகோ என்ற டாக்டர் அலியின் மூலையில் பல வருடம் நின்றவர். 1977இல் எர்னி ஷேவர்ஸ் என்ற இடிபோல அடிக்கும் ஆளோடு அலி 15 ரவுண்டு தாங்கி ஜெயித்தார். அதன்பின் வந்த பரிசோதனைத் தாளில் அலியின் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று இருந்தது. பச்சேகோ அந்த அறிக்கையை அலிக்கும் அவர் மனைவிக்கும் சுற்றியிருந்த முக்கியமானவர்களுக்கும் அனுப்பினார். ஒருவரும் பதில் போடவில்லை. அவர் வேலையை விட்டு விலகினார். அந்த உறைகளைப் பிரித்துப் படித்தவர்களுக்கெல்லாம் அலி மீது பாசம் இருந்திருக்கும். பாசம் இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

வாத்தியார்களே, உங்களிடம் நான் பேச விரும்பும் ஆள் அலி இல்லை. எட்டி ஃபட்ச். அலியின் பெரிய எதிரியாக இருந்த ஜோ பிரேசியரின் வாத்தியார்.

1975 அக்டோபர் 1, மணிலா. அலிக்கும் பிரேசியருக்கும் மூன்றாவது மோதல். காலை நேரத்துப் போட்டி, உள்ளே அனல். 15 ரவுண்டில் 14 முடிந்திருந்தது, இன்னும் மூன்று நிமிடம்தான். பிரேசியரின் வலது கண் வீங்கி மூடிவிட்டது. இடது கண்ணில் முன்பிருந்தே பார்வை சரியில்லை. அதாவது எதிரே வரும் குத்தே தெரியாத நிலை. அலியும் அந்தப் பக்கம் பாதி செத்துத்தான் உட்கார்ந்திருந்தார், சாவுக்குப் பக்கத்தில் போய் வந்த மாதிரி இருந்தது என்று பின்னால் அவரே சொன்னார். பிரேசியர் எழப் பார்த்தார். ஃபட்ச் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். உட்காரப்பா, முடிந்துவிட்டது, இன்று நீ செய்ததை யாரும் மறக்க மாட்டார்கள் என்றார். ஆடுகிறேன் என்று பிரேசியர் மன்றாடினார். உலகப் பட்டம் எதிரே இருக்கிறது. ஃபட்ச் அசையவில்லை. ரிங்கில் அடிபட்டுச் செத்தவர்களைக் கண்ணால் பார்த்தவர் அவர். பிரேசியர் அதற்குப் பிறகு 36 வருடம் உயிரோடு இருந்து 2011இல் காலமானார்.

ராயபுரத்தில் என் வாத்தியார் ஃபட்ச் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். பீடி வாசமும் நல்லெண்ணெய் வாசமுமாக இருப்பார். தலையில் ஓர் அடி பலமாக விழுந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு முகத்துக்கு நேரே வந்து, "உங்க அம்மா பேரு என்னடா? இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்பார். பதில் ஒரு நொடி தாமதமானாலும் கிளவ்ஸைக் கழற்றிவிடுவார். எவ்வளவு அழுதாலும் அந்த மாதம் முழுக்கக் கயிறு தாண்டுவதும் மூட்டை குத்துவதும்தான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அமெச்சூர் போட்டி விதியும் அதையேதான் சொல்கிறது: தலையில் அடிபட்டு நாக் அவுட் ஆனவன் குறைந்தது 30 நாள் போட்டிக்கும் வரக் கூடாது, ஸ்பாரிங்கும் செய்யக் கூடாது.

ஹெட்கார்டு, அதாவது தலைக்கவசம், போட்டிருக்கிறானே, ஒன்றும் ஆகாது என்கிறீர்கள். ஹெட்கார்டு புருவம் கிழியாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அது தடுக்காது. பையன்களுக்கு அது வேண்டும்தான், ஆனால் அதை நம்பி 14 வயதுக்காரனை 17 வயதுக்காரனோடு இறக்கக் கூடாது. எடை பார்த்து, வயது பார்த்து ஜோடி சேருங்கள். முழு வேகத்தில் தலைக்கு அடிக்கும் ஸ்பாரிங்கை மாதத்தில் ஓரிரு நாளோடு நிறுத்துங்கள். மற்ற நாளில் உடம்பு மட்டும், அல்லது ஜாப் என்கிற நேர்க் குத்து மட்டும் என்று வைத்தால் திறமை ஒன்றும் குறைந்துவிடாது. ஒரு நோட்டுப் போடுங்கள், யாருக்கு எப்போது அடிபட்டது என்று எழுத. அந்த நோட்டை நான் வாங்கித் தருகிறேன்.

அப்பாக்களிடமும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் டிரைவர் வேலை, கேன்டீன் வேலை, செக்யூரிட்டி வேலை முடித்து ஓடிவந்து கூடத்து வாசலில் நிற்கிறீர்கள். விளையாட்டுக் கோட்டாவில் பையனுக்கு ராணுவத்திலோ ரயில்வேயிலோ வேலை கிடைக்காதா என்ற ஏக்கம் எனக்குப் புரிகிறது. நானும் அந்த வரிசையில் நிற்பவன்தான். அலியோடு ஆடிய கௌர் சிங் 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார், பத்மஸ்ரீ வாங்கினார். வயதான காலத்தில் இருதய வைத்தியத்துக்குக் கடன் வாங்க வேண்டியிருந்தது. 2023இல் போய்ச் சேர்ந்தார். பதக்கம் வாங்கியவர் நிலைமையே அது. கிளவ்ஸைக் கழற்றிய பிறகு பையனுக்கு நாற்பது ஐம்பது வருடம் பாக்கியிருக்கிறது, அதற்கு அவன் தலை வேண்டும். "எழுந்திரிடா, பயந்தாங்கொள்ளி" என்று வாசலிலிருந்து கத்தாதீர்கள். அவன் உங்களுக்குப் பயந்துதான் தலைவலியை மறைக்கிறான். என் பேரனும் மறைத்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அலி படத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. அது அங்கேயே இருக்கட்டும். பக்கத்தில் இரண்டு படம் ஒட்ட அனுமதி கொடுங்கள். ஒன்று, 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அலி தீபம் ஏற்றும் படம். அதைப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டியதில்லை, அதுவும் சாம்பியன்தான். இன்னொன்று, பிரேசியரோடு எட்டி ஃபட்ச் இருக்கும் படம். பெரிய அளவில் அச்சடித்து வைத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு காலை ஆறரைக்குக் கூடத்துக்கு வருகிறேன். பேரனும் வருவான். டாக்டர் கயிறு தாண்டலாம் என்று சொல்லிவிட்டார், ஸ்பாரிங்குக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதனால் கிளவ்ஸ் கொண்டுவர மாட்டான். படங்களை ஒட்டப் பசையும் ஏணியும் மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கூடத்து ஓரப் பெஞ்சில் உட்காரும் ஒரு தாத்தா