வெளிச்சத்தை மறக்கத் தெரிந்த டிரான்சிஸ்டர்

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள செல்வத்துக்கு,

கடிதம் கிடைத்தது. சில்வர் ஓக்கில் ஏற்றிய மிளகு காய்த்துவிட்டதில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம், அம்மாவின் முட்டிவலிதான் விட்டபாடில்லை.

வெளிச்சம் பட்டால் ஞாபகம் வைத்துக்கொள்ளும் டிரான்சிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்னப் பாகம்) என்று பேப்பரில் படித்துவிட்டு, புருடாவா என்று கேட்டிருந்தாய். புருடா இல்லை. ஆனால் ‘செயற்கை மூளை’ என்று தலைப்புப் போட்டது கொஞ்சம் அதிகம். இரண்டு நரம்பு செல்கள் சந்திக்கும் இடம்தான் சினாப்ஸ். அந்த ஓர் இடத்தின் சுபாவத்தை மட்டுமே இது காப்பியடிக்கிறது.

சிலிக்கானுக்குப் பதில் பென்டசீன் மாதிரி ஒரு கார்பன் சேர்மத்தை மெல்லிய படலமாகப் படிய வைக்கிறார்கள். ஒளி பட்டதும் எலக்ட்ரானும், அது விட்டுப்போன காலி இடமான ‘துளை’யும் பிரிகின்றன. துளைகள் ஓடி மின்னோட்டமாகும். எலக்ட்ரான்கள் பக்கத்தில் உள்ள, மின்சாரம் கடத்தாத இன்சுலேட்டரின் ஓரத்தில் சிக்கிக்கொள்ளும். விளக்கை அணைத்தாலும் அவை சட்டென்று விடுபடாமல் துளைகளை இழுத்து வைத்திருக்கும், அதனால் மின்னோட்டமும் மெதுவாகத்தான் இறங்கும். முழுக்க இறங்குவதற்குள் மறுபடி ஒளியைக் காட்டினால் முதல் தடவையைவிட உயர ஏறும். ரொம்ப நேரம் கழித்துக் காட்டினால் பழையபடி முதலிலிருந்து. அடுத்தடுத்துப் பல முறை காட்டினால் நெடுநேரம் நிற்கும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும் படித்த உன் கெமிஸ்ட்ரி ஏன் நிற்கவில்லை என்று இப்போது புரிகிறதா?

எனக்குப் பிடித்தது அது மறப்பதுதான். சாதாரண ஒளி உணரியில் மின்னோட்டம் இப்படி இழுத்தால் கோளாறு என்பார்கள். இங்கே அந்தக் கோளாறுதான் சரக்கே. கேமராவில் பார்ப்பது ஒரு இடம், சேமிப்பது ஒரு இடம், கணக்குப் போடுவது வேறொரு இடம்; தகவலை அங்கும் இங்கும் அனுப்பியே கரண்டு தீர்கிறது. இதில் பார்த்த இடத்திலேயே பதிவும் நடக்கிறது. நம் மூளை மொத்தமுமே சுமார் 20 வாட்டில்தான் ஓடுகிறது, பார்த்துக்கொள்.

அப்புறம் ஒரு வேடிக்கை. 2000இல் வேதியியல் நோபல், மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்குக்காக ஹீகர், மெக்டயர்மிட், ஷிரகாவா மூவருக்கும் போனது. அதே வருஷம் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் எரிக் கேண்டல். கடல் நத்தையை வைத்து, ஞாபகம் சினாப்ஸில் எப்படிப் பதிகிறது என்று காட்டியவர். அந்த இரண்டு வேலையும்தான் இப்போது ஒரே படலத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

ஒரு சிக்கல், இந்தப் படலங்களுக்குக் காற்றும் ஈரமும் ஆகாது. மூடி சீல் வைக்காமல் உங்கள் ஏற்காட்டு மூடுபனியில் வைத்தால் அவ்வளவுதான். கடைக்கு வர நாளாகும் என்பது என் கணிப்பு.

சரி, கீழே இறங்கினால் வீட்டுக்கு வா, தட்டுவடை செட் வாங்கித் தருகிறேன். காபிக்கொட்டை அரைக் கிலோ கொண்டு வா, வறுக்காததாக.

அன்புடன்,
குமார்