தண்ணி வடிஞ்சப்புறம் வந்து நின்னவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். இந்த வெள்ளத்துல என்ன நடந்துச்சுன்னு பர்மாவுல பெகு பக்கத்து நம்மாளுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, நீங்களும் அதே தண்ணியிலதான் நின்னீங்க. வீட்ட கழுவி முடிச்சாச்சு, மாடு மேய ஆரம்பிச்சிருச்சு, இப்பதான் போன எடுத்து எழுத மனசு வருது.

கோயில்ல அண்டா அண்டாவா சோறாக்கிப் போட்ட கமிட்டி அண்ணன்மாரு, ரங்கூன்லருந்து மருந்தோட லாரி புடிச்சு வந்த தம்பிங்க, எங்கள தங்கவெச்ச பொங்கி மடத்து, அதான் புத்த மடத்து சாமியாரு, படகு குடுத்தவங்க, எல்லாருக்கும் பெரிய கும்பிடு. யாராவது விட்டுப்போயிருந்தா கோச்சுக்காதீங்க.

ஆனா ஒருத்தரப் பத்தி கொஞ்சம் நீட்டிச் சொல்லியே ஆகணும். யோமா மல அடிவாரத்துல இருக்குற ஊலே, அதான் மாமா, கரேன் இனத்துக்காரரு. பெருசா பழக்கமில்ல, சந்தையில வெத்தல விக்கிறப்போ பாத்து தலையாட்டுவோம், அவ்ளோதான். நடவு நட்டதெல்லாம் அழுகி நாறிக் கெடக்கு, நாங்க வரப்புல குத்தவெச்சு உக்காந்திருக்கோம், மனுசன் சைக்கிள உருட்டிக்கிட்டு சேத்துல வந்து ஒரு நோசிபூ, அதான் பால் டப்பா, நெறைய அகத்தி வெதைய நீட்டுறாரு. என் சம்சாரம் இத வறுத்துத் திங்கவா ஊலேன்னு கேட்டே புட்டா. அவரு சிரிச்சாரு, பதில் சொல்லல, குச்சி ஒண்ணு ஒடிச்சு வரப்போட மேட்டுல குழி போட்டு குழிக்கு ரெண்டு வெதையா போட்டுக்கிட்டே நகந்தாரு. ஈரம் இருக்கப்பவே போடணும், தண்ணி நின்னாலும் மத்த மரம் மாதிரி சீக்கிரம் சாகாது, தழை ஆட்டுக்கு, பூ உனக்கு, கொஞ்சம் வளந்ததும் வெத்தலக் கொடிய ஏத்திவிடுன்னாரு. டீ குடிக்கக்கூட நிக்கல.

இப்ப மொளச்சிருக்கு. நெருக்கமா நின்ன ஒண்ண புடுங்கிப் பாத்தேன், வேர்ல கடுகு கணக்கா முண்டு முண்டா இருக்கு, நசுக்குனா உள்ள செவப்பு. காத்துல இருக்குற நைட்ரஜன புடிச்சுக் குடுக்குற கிருமி அதுலதான் குடியிருக்கு, செவப்பா இருந்தா வேல நடக்குதுன்னு அர்த்தம். யூரியா விக்கிற வெலைக்கு இது சும்மாவா!

அந்த ஊலே சனத்துக்கு இதெல்லாம் புதுசில்ல. 1856ல பிராண்டிஸ்ங்கிற ஜெர்மன்காரரு பெகு தேக்குக் காட்டுக்கு அதிகாரியா வந்தாரு, அப்பறம் கரேன்காரங்க மலநெல்லு போடுற எடத்துலயே தேக்கையும் சேத்து நடவெச்சாங்க, தவுங்யான்னு அந்த மொற இந்தியா ஆப்பிரிக்கான்னு எங்கெங்கயோ போச்சு. நெல்லு அவங்களுக்கு, தேக்கு சர்க்காருக்கு, அந்த அநியாயம் தனிக்கத. நாம என்னடான்னா தாத்தன் காலத்துலருந்து நெல்லு நெல்லுன்னு ஒத்தப் பயிர நம்பியே கெடந்தோம், அது போனா சட்டி காலி.

அதனால முடிவு பண்ணிட்டேன். வரப்பெல்லாம் அகத்தி, நெல்லுக்கு நெழல் விழாம கெளைய கழிச்சுக்கிட்டே இருக்கணும், அதுவும் ஆட்டுக்குத்தான. வீட்டுக்குப் பின்னால மேட்டுல முருங்கப் போத்து, ஒரு பலா, ஓரமா நாலு தேக்கு. தேக்கு வெட்டுற வயசுல நான் இருக்க மாட்டேன், பேரப்புள்ளைங்க சண்ட போட்டுக்கட்டும். அகத்தி காச்சதும் மொத வெத யாருக்கு வேணுமோ கோயில் கமிட்டில சொல்லி வைங்க, காசெல்லாம் வேணாம்.